மிதவாதியும் கடன் நோட்டும்

அன்புள்ள ஐயா,

கொரோனா இரண்டாம் அலையின்போது அரிசி அட்டைக்கு 4,000 ரூபாய் கொடுத்ததை ஆதரித்து எழுதினீர்கள். சென்ற மாதம் தமிழக அரசின் கடனைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். கடன் வாங்கியாவது கொடு என்றவரும் நீங்கள்தான், கடன் ஏறிவிட்டதே என்பவரும் நீங்கள்தான். மிதவாதி என்றால் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறவர் என்று எடுத்துக்கொள்ளலாமா?

சி., திருப்பூர்

அன்புள்ள சி.,

குத்தலான கேள்விதான், ஆனால் கேட்க வேண்டிய கேள்வி.

2021 மே மாதம் முதல் தவணை 2,000 ரூபாய் வந்தபோது எங்கள் தெரு ரேஷன் கடையில் டோக்கன் வாங்கி நின்றவர்களைப் பார்த்தேன். அதில் பாதிப் பேர் பணத்தை வாங்கிக்கொண்டு நேராக எதிரில் இருந்த மளிகைக் கடைக்குப் போனார்கள். அண்ணாச்சி கடன் நோட்டை எடுத்துப் பெயர் பெயராகக் கோடு போட்டு அடித்துக்கொண்டிருந்தார். அடித்த கையோடு அடுத்த வாரத்துக்கான பருப்பும் எண்ணெயும் கட்டிக் கொடுத்தார். மறுநாள் அவர் மொத்தக் கடைக்காரரின் பாக்கியைத் தீர்த்தார். ஊரடங்கில் யார் கையிலும் காசு புரளாதபோது எங்கிருந்தாவது ஒரு நோட்டு உள்ளே வந்தாக வேண்டும். அதை அரசுதான் கொண்டுவர முடியும், அதுவும் கடன் வாங்கித்தான். அந்தக் கருத்தில் எனக்கு இன்றும் மாற்றமில்லை.

சுமார் 2.07 கோடி குடும்பங்கள், இரண்டு தவணை. 8,000 கோடி ரூபாய்க்குச் சற்று மேல். பெரிய தொகைதான். ஆனால் கொரோனாவுக்கு முந்தைய 2019-20இலேயே தமிழகத்தின் வருவாய்ப் பற்றாக்குறை ஏறக்குறைய 36,000 கோடி. வருவாய்ப் பற்றாக்குறை என்றால் அணையும் பாலமும் கட்ட வாங்கிய கடன் அல்ல. சம்பளம், ஓய்வூதியம், மானியம், பழைய கடனுக்கு வட்டி என்று அன்றாடச் செலவுக்கு வாங்கியது. 2013-14இலிருந்து ஒரு வருடம் தவறாமல் இது நடக்கிறது. கொரோனாவுக்கு முந்தைய வருடங்களில் ஊரடங்கும் இல்லை, ஒன்றும் இல்லை. என் கவலை இதைப் பற்றித்தான்.

2021 ஆகஸ்ட் 9 அன்று அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநிலத்தின் நிதிநிலை பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டார். குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் என்ற கணக்கைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். (எனக்கு அந்தக் கணக்கு பிடிக்கவில்லை. அரசு குடும்பம் அல்ல. மாநிலப் பொருளாதாரம் வளர்ந்தால் அதே கடனின் பாரம் குறையும்.) வரி வருமானம் தேய்ந்துவிட்டதும் அதில் விரிவாக இருந்தது. அதை யார் படித்தார்கள்? நான்காம் நாள், 13ஆம் தேதி, பட்ஜெட்டில் பெட்ரோல் வரி 3 ரூபாய் குறைந்தது. வருடத்துக்கு 1,160 கோடி இழப்பு. தேர்தல் வாக்குறுதி, அந்த வருடம் மக்கள் இருந்த நிலையில் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் சிரிப்பு வந்தது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 4,000 வேண்டும் என்கிறவருக்கும் ஒன்றுமே வேண்டாம் என்கிறவருக்கும் நடுவில் 2,000 என்று பேரம் பேசுவதை நான் மிதவாதம் என்று சொல்லவில்லை. கெட்ட வருடத்தில் தயங்காமல் கொடுக்க வேண்டும், நல்ல வருடத்தில் தயங்காமல் வசூலிக்க வேண்டும். முதல் பாதிக்கு எல்லாக் கட்சியும் கைதட்டும். இரண்டாவது பாதி வரும்போது எப்போதும் ஏதோ ஒரு தேர்தல் குறுக்கே நிற்கும்.

சொத்து வரியையே பாருங்கள். சென்னையில் 1998க்குப் பிறகு கை வைக்கவில்லை. 2018இல் உயர்த்தினார்கள். அடுத்த வருடமே, உள்ளாட்சித் தேர்தல் நெருங்கியதும், நிறுத்திவைத்தார்கள். கடைசியில் 2022இல், ஜனங்கள் அப்போதுதான் எழுந்து உட்கார்ந்த நேரத்தில், வீடுகளுக்கு 25 முதல் 150 சதவீதம் வரை ஒரே வீச்சில் ஏற்றினார்கள். வருடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் யாருக்கும் இவ்வளவு உறைத்திருக்காது.

எனக்கும் ஏறியது. ரசீதைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, அப்புறம்தான் கட்டினேன். திருப்பூரில் உங்களுக்கு எவ்வளவு ஏற்றினார்கள்?