மூன்றாம் முறையும் மருத்துவ நுழைவுத் தேர்வா?

மகளுக்கு இரண்டு முறை எழுதியும் மருத்துவ இடம் கிடைக்கவில்லை. மூன்றாம் முறை எழுத வைப்பதா, கடன் வாங்கிச் சேர்த்துவிடுவதா என்று கேட்கிறீர்கள். கவலை நியாயமானதுதான். ஆனால் இரண்டுமே வேண்டாம். வீட்டை அடமானம் வைக்கச் சொல்லும் அவளுடைய பெரியப்பாவா மாதாமாதம் தவணை கட்டப் போகிறார்?

முக்கியமான விஷயத்தைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். உங்கள் தங்கை மகனுக்குப் பொத்தான் போட வராது. உங்கள் மகள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, கடைசிப் பொத்தானை மட்டும் பாதி நுழைத்து, மிச்சத்தை அவனை இழுக்க விடுகிறாள். அன்றாட வேலைகளைச் செய்யத் திணறுபவர்களுக்கு அதைப் பழக்கும் சிகிச்சைத் துறைக்கு ஆக்குபேஷனல் தெரபி என்று பெயர். குழந்தைகளுக்கான பிரிவில் இதை முறையாகவே கற்றுத் தருகிறார்கள். அவளை அதைப் படிக்க வைக்கலாமே. கடைசிப் படி குழந்தைக்கு. பழகப் பழக முந்தைய படிகளும் ஒவ்வொன்றாக அதன் கைக்கு வரும்.

பொத்தான் போடுவது சின்ன வேலை இல்லை. ஒரு கை துணியைப் பிடிக்க, மறு கை பொத்தானைச் சாய்த்துத் துளைக்குள் தள்ள வேண்டும்; பாதியில் இரு கைகளும் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். அதுவரை உடம்பு ஆடக்கூடாது. பொத்தானும் துணியும் ஒரே நிறமென்றால் கண் திணறும். கழுத்து லேபிள் உறுத்தினால் கவனம் அங்கே போய்விடும். குழந்தை சிக்குவது எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் தெரபிஸ்டின் முதல் வேலை. அப்புறம் மாற்றம்: விரலில் வலு இல்லையா, பெரிய பொத்தான், தளர்ந்த துளை. உடம்பு சாய்கிறதா, பாதம் தரையில் படும்படி நாற்காலி. பள்ளிக்குக் கிளம்பும் அவசரம் தடுக்கிறதா, பழக்குவதை மாலைக்கு மாற்று. சிலருக்குப் பொத்தானை மேலே சும்மா தைத்துவிட்டு உள்ளே வெல்க்ரோ வைப்பார்கள். குழந்தையைத்தான் மாற்ற வேண்டும் என்ற பிடிவாதம் இங்கே கிடையாது. எனக்கு இந்தத் துறை பிடித்ததே அதனால்தான்.

"பிசியோதெரபிதானே?" என்று உறவினர்கள் கேட்பார்கள். இல்லை. உடுத்துவது, எழுதுவது, விளையாடுவது என்று குழந்தையின் அன்றாடமே இங்கே பாடம்.

எளிதான படிப்பு என்று நினைக்காதீர்கள். உடற்கூறியல், நரம்பியல், குழந்தை வளர்ச்சி, உளவியல் எல்லாம் உண்டு. 1952-ல் தொடங்கிய ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளின் உலகக் கூட்டமைப்பு, தான் அங்கீகரிக்கும் படிப்புகளில் குறைந்தது 1,000 மணி நேரக் களப்பயிற்சி கேட்கிறது. அந்த அங்கீகாரம் உண்டா, படித்து முடித்தால் தொழில் செய்யப் பதிவு கிடைக்குமா, பயிற்சியில் குழந்தைகள் பிரிவு இருக்கிறதா என்று கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் ஒரு பைசா கட்டாதீர்கள்.

அதற்கும் முன்னால், ஒரு தெரபி மையத்தில் அனுமதி வாங்கிச் சில நாள் அவளை உட்கார வையுங்கள். ஒரே குழந்தை ஒரே காலுறையோடு வாரக்கணக்கில் போராடும். அதைப் பார்த்து அவளுக்குச் சலிப்பு தட்டினால் இதுவும் வேண்டாம். சரி, வேறு பார்ப்போம்; ஆனால் அடுத்த கடிதத்தை அவளே எழுதட்டும்.