பிழையைச் சொல்வது யார்? – கடிதம்

வணக்கம் சார்,

குடியாத்தத்திலிருந்து தினமும் ரயிலில் காட்பாடி வந்து பி.சி.ஏ. படிக்கிறேன். லேபில் சி மொழிக்கு டர்போ சி என்ற பழைய கம்பைலர். அங்கே ஓடிய புரோகிராமை அண்ணனின் லினக்ஸ் லேப்டாப்பில் ஜிசிசி கம்பைலரில் கொடுத்துப் பார்த்தேன். கான்யோ.ஹெச் இல்லை என்றது. அந்த வரியை எடுத்துவிட்டு, வர்க்கமூலம் காணும் புரோகிராமைப் போட்டேன். மேத்.ஹெச் இருந்தும் வர்க்கமூல ஃபங்ஷனான எஸ்கியூஆர்டி-க்கு 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்றது. வேறொன்று பிழையில்லாமல் முடிந்தது. ஆனால் ஜிசிசி உருவாக்கிய ஃபைலை ஓட்ட ஏ.அவுட் என்று அடித்தால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்'. டர்போ சி-யே போதாதா சார்?

– ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள தம்பி,

மூன்று பிழைகளையும் கம்பைலர் தலையில் கட்டிவிட்டீர்கள். மூன்றையும் சொன்னது வேறு வேறு ஆட்கள்.

கான்யோ.ஹெச் இல்லை என்றது பிரீபிராசஸர், அதாவது கம்பைல் ஆவதற்கு முன் ஹெடர் ஃபைல்களைக் கோடுக்குள் சேர்க்கும் பகுதி. அது டாஸ் காலத்துக் கம்பைலர்களோடு வந்த ஹெடர், சி மொழியின் தர வரையறையில் கிடையாது. எடுத்தது சரி. கூடவே அந்த ஹெடரை நம்பியிருக்கும் கிளியர்ஸ்கிரீன், கெட்ச் வரிகளும் போக வேண்டும்.

இரண்டாவதுதான் சுவாரசியம். மேத்.ஹெச் ஃபைலில் இருப்பது வெறும் அறிவிப்பு: இப்படி ஒரு ஃபங்ஷன் உண்டு, இன்ன வகை எண்ணை வாங்கி இன்ன வகையைத் தரும், அவ்வளவுதான். கணக்குப் போடும் கோடு தனி லைப்ரரியில் இருக்கிறது. 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று வந்தாலே கம்பைலர் வேலையை முடித்துவிட்டது, இப்போது பேசுவது உங்கள் கோடையும் லைப்ரரியையும் இணைக்கும் லிங்கர் என்று அர்த்தம். கட்டளையின் கடைசியில், கணித லைப்ரரியைச் சேர்க்கச் சொல்லும் மைனஸ் எல்எம் சேருங்கள். கடைசியில்தான். லிங்கர் இடமிருந்து வலமாகப் போகும். ஃபைல் பெயருக்கு முன்னால் லைப்ரரியைக் கொடுத்தால், அப்போது யாரும் கேட்கவில்லையே என்று அதை விட்டுவிட்டுப் போய்விடும். பிறகு அதே பிழை.

மூன்றாவது ஷெல், நீங்கள் அடிக்கும் கட்டளையை வாங்கி ஓட்டுவது. நீங்கள் நிற்கும் ஃபோல்டரில் அது தானாகத் தேடாது, பாத் பட்டியலில் உள்ள இடங்களில் மட்டும் தேடும். நிற்கும் ஃபோல்டரிலும் தேடினால், யாராவது ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையின் பெயரில் ஒரு விஷமப் புரோகிராமை அந்த ஃபோல்டரில் போட்டுவைத்தால் என்ன ஆகும்? அதனால்தான் டாட் ஸ்லாஷ் ஏ.அவுட் என்று இடத்தையும் சொல்ல வேண்டும். ஏ.அவுட் என்ற பெயர் 'அசெம்பிளர் அவுட்புட்' என்பதன் சுருக்கம், யூனிக்ஸின் ஆரம்ப நாட்களிலிருந்து ஒட்டிக்கொண்டு வருகிறது. பிடிக்காவிட்டால் மைனஸ் ஓ போட்டு வேறு பெயர் வையுங்கள். டெஸ்ட் என்று மட்டும் வைக்காதீர்கள். அந்தப் பெயரில் ஷெல்லிலேயே ஒரு கட்டளை உண்டு. டாட் ஸ்லாஷ் மறந்தால் அது ஓடி, எதுவும் சொல்லாமல் முடிந்துவிடும். நீங்கள் பிரின்ட்எஃப் வரியை முறைத்துக்கொண்டிருப்பீர்கள்.

டர்போ சி-யில் கன்ட்ரோல் எஃப்9 அழுத்தினால் இத்தனையும் ஒரே மூச்சில் நடந்துவிடுகிறது. பிராக்டிகல் தேர்வுக்கு அது போதும், அங்கே கிளியர்ஸ்கிரீன் கேட்டால் எழுதிவிட்டு வாருங்கள். வேலைக்குப் போகும் இடத்தில் அந்த நீலத் திரை இருக்காது. இப்போதே எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லும் மைனஸ் டபிள்யூஆல் போட்டுக் கம்பைல் செய்து பழகுங்கள், அவற்றையும் படியுங்கள். ஒருமுறை பிரீபிராசஸரோடு நிறுத்தச் சொல்லும் மைனஸ் ஈ கொடுத்துப் பாருங்கள். உங்கள் ஐந்து வரிக் கோடு, ஹெடர்கள் விரிந்து நூற்றுக்கணக்கான வரிகளாக ஓடும்.

அண்ணன் லேப்டாப் கிடைக்காத நாளில் ஆண்ட்ராய்டு போனில் லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் டெர்மக்ஸ் ஆப் போட்டு, அதில் கிளாங் என்ற கம்பைலரை நிறுவிக்கொள்ளுங்கள். காட்பாடி வருவதற்குள் ஒரு சின்னப் புரோகிராம் ஓட்டிவிடலாம், உட்கார இடம் கிடைத்தால்.