மேடை, டிவி, சுயசரிதை: காமெடியன்களைப் பற்றிச் சில கேள்விகள்

ராமநாதபுரம் கடலோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. பதில் சொல்பவர் சென்னையில் டிவி காமெடி நிகழ்ச்சிகளுக்கு ஸ்கிரிப்ட் எழுதிவிட்டு, இப்போது கீழக்கரைக்கே திரும்பிவிட்டவர்.

பாம்பனிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, நான் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறேன். மிமிக்ரி நன்றாக வரும். தடைக்காலத்தில் சென்னை போய் ஆடிஷனில் நிற்கலாமா?

தாராளமாகப் போங்க தம்பி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில்தானே கிடக்கும். ஆனால் ரஜினி குரலையும் எம்.ஆர்.ராதா குரலையும் மட்டும் நம்பிப் போகாதீங்க. உங்களுக்கு முன்னால் நிற்பவரிடமும் அதுதான் இருக்கும், பின்னால் நிற்பவரிடமும் அதுதான். இறால் ஏலம் போடுகிறவர், கடலுக்குப் போக டோக்கன் வாங்க வரிசையில் நின்று சண்டை போடுகிறவர், இந்தக் குரல்கள் அவர்களிடம் இருக்காது. மிமிக்ரி உள்ளே விடும், அதற்குமேல் ஒன்றும் செய்யாது. சிவகார்த்திகேயன் 'கலக்கப்போவது யாரு' மேடைக்கு அதை வைத்துத்தான் வந்தார். பிறகு தொகுப்பாளர் வேலை, 2012-இல் 'மெரினா'வில் கதாநாயகன். நடுவில் அந்தத் தொகுப்பாளர் வேலையில் கற்ற டைமிங்தான் கடைசிவரை கைகொடுத்தது என்பது என் எண்ணம்.

தொண்டியிலிருந்து: மேடையில் பிரமாதமாகச் சிரிக்க வைத்தவர்கள்கூட டிவிக்கு வந்த கொஞ்ச நாளில் சலித்துப்போவது ஏன்?

சரக்கு தீர்ந்துவிடுகிறது, அதுதான். ஊர் மேடையில் ஒரே ஐந்து நிமிடத்தை வைத்துப் பல வருஷம் ஓட்டலாம். இன்று தங்கச்சிமடம், அடுத்த வாரம் திருப்பாலைக்குடி. கூட்டம் புதுசு, உங்கள் காமெடி பழசு, யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு வார்த்தையை மாற்றி, ஒரு மூச்சு இடைவெளியைக் கூட்டிக் குறைத்து மெருகேற்றிக்கொண்டே போவீர்கள். டிவியில் அதே ஐந்து நிமிடத்தை ஒரே இரவில் தமிழ்நாடு முழுக்கப் பார்த்துவிடும். அடுத்த வாரம் புதுசு வேண்டும். அதற்குத்தான் என்னைப் போன்ற ஆட்களை அறையில் பூட்டிவைத்து எழுதச் சொல்வார்கள். சில வாரம் வரும். பல வாரம் வராது, கெட்டப்பை வைத்துச் சமாளிப்போம்.

அமெரிக்கக் காமெடியன் ஸ்டீவ் மார்ட்டின் டிவிக்கு எழுதி 1969-இல் எம்மி விருது வாங்கியவர். 2007-இல் வந்த சுயசரிதையில் தன் 18 வருட மேடை வாழ்க்கைக்குக் கணக்குச் சொல்கிறார்: பத்து வருஷம் கற்றது, நான்கு வருஷம் செதுக்கியது, நான்கே வருஷம் பெரும் வெற்றி. புகழின் உச்சத்திலிருந்து 1981-இல் மேடையை விட்டே இறங்கிவிட்டார். நம் ஆட்கள் அந்தப் பத்து வருஷத்தை இரண்டு ரவுண்டில் முடிக்கப் பார்க்கிறார்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து ஒரு மாணவி: எங்கள் ஊரில் அவ்வளவு பெரிய டிவி கோபுரம் இருக்கிறது. நம் பேச்சு மட்டும் டிவி காமெடியில் வரவே இல்லையே?

நியாயமான கோபம்தான் தங்கச்சி. கோபுரம் 323 மீட்டர், ஆனால் அதில் கேட்டதெல்லாம் மதுரைப் பேச்சும் கோவைப் பேச்சும். நமக்கு நெருக்கமான பேச்சு கடலுக்கு அந்தப் பக்கமிருந்துதான் வந்தது. இலங்கை வானொலியின் 'கோமாளிகளின் கும்மாளம்' நாடகத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு தமிழ் பேசுவார்கள். மரிக்கார் பேசுவது முஸ்லிம் வீட்டுத் தமிழ். 1976-இல் அது 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்று பாத்திரத்தின் பெயர் நடிகர் பெயரோடு ஒட்டியே போய்விட்டது. பேச்சு உண்மையாக இருந்ததால்தான் அது நடந்தது. நம் பக்கத்தில் இன்னும் யாரும் அப்படி முயலவில்லை என்பதுதான் குறை.

பெயர் வேண்டாம் என்றவர்: ஒரு எபிசோடுக்கு எழுத எவ்வளவு கொடுப்பார்கள்?

பேசியதையா, கொடுத்ததையா கேட்கிறீர்கள்? ஒரு இடத்துப் பாக்கி இன்னும் வரவில்லை.

கீழக்கரையிலிருந்து ஒரு லாத்தா (அக்கா): காமெடியன்களின் சுயசரிதை படிக்க ஆசை. எதில் தொடங்கலாம்?

'நான் நாகேஷ்'. அவர் சொல்லச் சொல்ல எஸ்.சந்திரமௌலி எழுதியது. ரயில்வே குமாஸ்தாவாக இருந்தபோது ஒரு நாடகத்தில் வயிற்று வலிக்காரராகச் சின்ன வேஷம். தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர் அந்தச் சின்ன வேஷத்தைத்தான் மேடையில் பாராட்டினார். ஆங்கிலம் வருமென்றால் டிரெவர் நோவாவின் 2016 புத்தகத்தையும் படியுங்கள் லாத்தா. உலகமே பார்த்த டிவி நிகழ்ச்சியை நடத்தியவர், ஆனால் புத்தகத்தில் அந்தப் பெருமை கிட்டத்தட்ட இல்லை. தென்னாப்பிரிக்காவில் அவர் உம்மா அவரை வளர்த்த கதைதான் பெரும்பகுதி.

மண்டபத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: வேறொருவர் எழுதிக்கொடுத்தால் அது எப்படி சுயசரிதை ஆகும்?

ஆகும் சார். எதிரே ஒரு முகம் இல்லாமல் காமெடியனுக்குப் பேச்சே வராது. தனியாகப் பேனா பிடித்தால் பாதிப்பேர் தத்துவம் எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள், படிக்கச் சகிக்காது. எழுதுகிறவர் அவருடைய பேச்சைச் சலவை செய்யாமல் விட்டால் போதும்.

ஏர்வாடியிலிருந்து: அவற்றில் வருவதெல்லாம் நிஜமா?

தன்னையே மட்டம் தட்டிக்கொள்ளும் இடங்களை அப்படியே நம்பாதீர்கள், அது தொழில் பழக்கம். சம்பளம், கூட நடித்தவர் பெயர், ஓடிப்போன கம்பெனி, இவை வரும் பக்கங்களை ஓரளவு நம்பலாம்.

தேவிபட்டினத்திலிருந்து: திருவிழா மேடைகளில் பல வருஷம் காமெடி பண்ணியவன். என் கதையை எழுத நினைக்கிறேன். எப்படித் தொடங்க?

முதலில், பண்ணிய காமெடியை எழுதாதீங்க அண்ணே. தாளில் அது செத்த மீன். வேலையை எழுதுங்கள். ஓரியூர் திருவிழாவில் மைக் நின்றுபோனால் கூட்டத்தை எப்படிப் பிடித்தீர்கள், ஏர்வாடி சந்தனக்கூட்டில் எந்த ஜோக்கை விட்டுவிட்டீர்கள், ஏன் விட்டீர்கள், விடிகாலை எந்த பஸ்ஸில் திரும்பினீர்கள். ஒருத்தரும் சிரிக்காத இரவு ஒன்று கட்டாயம் இருக்கும். முதல் அத்தியாயத்தை அதில் தொடங்குங்கள், பிறந்த கதை அப்புறம் வரட்டும். கூட ஆடியவர்களின் பெயரைப் போடுவதானால் அச்சுக்குப் போகுமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எழுதியதை எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டுத் திட்டுகிறேன்.