ஒலிப்பதிவுக் கூடம்: கேள்வி – பதில்

கேள்வி: பிரான்ஸின் ழான் மிஷேல் ஜார் 1976-இல் வெளியிட்ட ‘ஆக்ஸிஜன்’ வாத்திய இசை ஆல்பத்துக்கு, 1997-இல் ‘ஆக்ஸிஜன் 7–13’ என்று தொடர்ச்சி போட்டார். மெட்டுகள் புதிது. ஆனாலும் கேட்டதுமே அதே குடும்பம் என்று தெரிகிறதே, எப்படி? என் பழைய கீபோர்டு ஆல்பத்துக்கு இரண்டாம் பாகம் செய்யப் போகிறேன், எதைப் பிடித்துக்கொள்வது?

பதில்: மெட்டை விடுங்கள், நாதத்தைப் பிடியுங்கள். முதல் ஆல்பத்தை ஜார் வீட்டிலேயே எட்டு ட்ராக் டேப்பில் பதிந்தார். பின்னால் மேகம்போல நகரும் ஸ்ட்ரிங்ஸ் (வயலின் கூட்டம்போன்ற ஒலி), ‘எமினென்ட் 310’ என்ற டச்சு ஆர்கன். அதை ‘ஸ்மால் ஸ்டோன்’ ஃபேஸர் வழியாக விட்டார். ஒலியை அலைபோலச் சுழலவைக்க கிடார்காரர்கள் காலால் மிதிக்கும் சின்னப் பெட்டிதான் அது. தாளத்துக்கு ‘கோர்க் மினிபாப்ஸ் 7’ என்ற தாளப் பெட்டி. அதில் இரண்டு தாளப் பொத்தான்கள் ஒன்றாக அமுங்கி நிற்க செல்லோடேப் ஒட்டினார். அந்தத் தாளம் எந்த ஒற்றைப் பொத்தானிலும் கிடையாது. இருபது வருடம் கழித்தும் அதே பழைய அனலாக் வாத்தியங்கள் பலவற்றை மறுபடி எடுத்தார்.

உங்கள் ஆல்பத்தைக் கேட்டு, அதை அடையாளம் காட்டும் மூன்று ஒலிகளை எழுதுங்கள். நான்காவது வேண்டாம். ஸ்ட்ரிங்ஸ் என்றால் முதலில் எஃபெக்ட் இல்லாமல் பதியுங்கள். பிறகு ஃபேஸர் போட்டு, ஒரு சுற்றுக்கு 8–12 நொடி ஆகும்படி வேகத்தைக் குறையுங்கள். அதை இடது பக்கம் நேராகவும், வலது பக்கம் 160 மில்லிசெகண்ட் தாமதித்தும் வையுங்கள். நொடிக்கு 19 செ.மீ. ஓடும் டேப்பில், பதியும் ஹெட்டுக்கும் ஒலிக்கும் ஹெட்டுக்கும் இடையே 3 செ.மீ. இருந்தால் வரும் தாமதம் இது. 20 மில்லிசெகண்டுக்குக் கீழே இறக்காதீர்கள்; மொபைல் ஸ்பீக்கரில் இரு பக்கமும் ஒன்றாகும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்து, குழாய்க்குள்ளிருந்து கேட்பதுபோல ஆகிவிடும்.

பலர் கோட்டைவிடுவது சுருதியில். பழைய ஆல்பம் டேப்பில் பதிந்தது என்றால், வேக மாறுபாட்டால் 440 ஹெர்ட்ஸ் 445 ஆகியிருக்கலாம். அது சுமார் 20 சென்ட் வித்தியாசம் (அடுத்தடுத்த இரு கீபோர்டு கட்டைகளுக்கு இடையே 100 சென்ட்). பழைய துண்டோடு புதியதைச் சேர்த்தால் கரகரவென்று இடிக்கும். முதலில் பழையதை அளந்து, புதிய வாத்தியங்களை அதற்குச் சேருங்கள். அனலாக் சின்தசைசரை அரை மணி நேரம் முன்பே ஆன் செய்யுங்கள். சூடு நிலைக்கும்வரை சுருதி நகர்ந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: முதல் பாகத்தின் ஸ்பூல் டேப்பை ஓட்டினால் ஒட்டிக்கொண்டு கீச்சிடுகிறது. அதிலிருந்து சில ஒலிகளை எடுக்க முடியுமா?

பதில்: உடனே நிறுத்துங்கள், ஓட ஓட, ஒலி பதிந்திருக்கும் ஆக்ஸைடு பூச்சு உரியும். அந்தப் பூச்சை டேப்பில் பிடித்து வைக்கும் பிசின் ஈரம் குடித்ததால் வரும் கோளாறு இது. சீரான வெப்பம் தரும் இன்குபேட்டரில் சுமார் 54 டிகிரி செல்சியஸில் 8 மணி நேரமாவது உலர்த்தி, ஆறவிட்டு, டிஜிட்டலுக்கு மாற்றலாம். சமையல் ஓவன் கூடாது. வெளிச்சத்தில் பிடித்தால் ஊடுருவித் தெரியும் அசிடேட் டேப்பை உலர்த்தவே கூடாது.

கேள்வி: பழைய மெட்டை ஓரிடத்திலாவது வைக்கலாமா?

பதில்: பிரிட்டிஷ் இசைக்கலைஞர் மைக் ஓல்ட்ஃபீல்ட் 1992-இல் ‘ட்யூபுலர் பெல்ஸ் II’ செய்தபோது, 1973-இல் வந்த தன் ‘ட்யூபுலர் பெல்ஸ்’ ஆல்பத்தின் கட்டமைப்பையே பின்தொடர்ந்தார், வாத்தியங்களின் பெயரை ஒருவர் அறிவித்து, கடைசியில் மணி ஒலிக்கும் பகுதிகூட உண்டு. வரிசை பழசு, மெட்டு புதுசு. அதுவே நல்ல வழி. அப்படியும் பழைய மெட்டு வேண்டுமென்றால், முதலில் ஒப்பந்தத்தைப் பாருங்கள். குறிப்பிட்ட வருடங்களுக்கு மறுபதிவு கூடாது என்ற ஷரத்து பல ஒப்பந்தங்களில் இருக்கும்.