வாசிப்பு எளிமைச் சோதனை தரும் மதிப்பெண்ணை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: பொது வாசகர்களுக்காக உடல்நலக் கட்டுரைகளை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிவருகிறேன். ஓர் ஆங்கிலக் கட்டுரையை மூன்று இணையக் கருவிகளில் இட்டுப் பார்த்தபோது 8ஆம் வகுப்பு, 10ஆம் வகுப்பு, 12ஆம் வகுப்பு என மூன்று விடைகள் வந்தன. அதன் தமிழ் வடிவத்துக்கோ 100க்கும் மேல் மதிப்பெண் தந்து, ‘மிக எளிது’ என்றது கருவி. இவற்றில் எதை நம்பித் திருத்துவது?

பதில்: தமிழ்க் கட்டுரைக்குக் கிடைத்த மதிப்பெண்ணை முற்றிலும் தள்ளிவிடுங்கள். ஆங்கிலக் கட்டுரைக்குக் கிடைத்த மூன்று விடைகளும் பயனுள்ளவைதான். ஆனால் அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு சூத்திரத்தின் விடை என்பதால், அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட இயலாது.

இந்தக் கருவிகளுள் மிகுதியாகப் பயன்படுவது ருடால்ஃப் ஃப்ளெஷ் 1948இல் வெளியிட்ட சூத்திரம். ஒரு வாக்கியத்தில் சராசரியாக எத்தனை சொற்கள், ஒரு சொல்லில் சராசரியாக எத்தனை அசைகள் (ஓர் உயிரொலிக்கு ஓர் அசை) என்ற இரண்டை மட்டுமே அது கணக்கில் கொள்கிறது. 206.835 என்ற எண்ணிலிருந்து முதல் சராசரியின் 1.015 மடங்கையும் இரண்டாவதன் 84.6 மடங்கையும் கழித்தால் மதிப்பெண் கிடைக்கும். அது கூடக் கூட எழுத்து எளிது என்று பொருள். இதே இரண்டு அளவுகளை அமெரிக்கப் பள்ளி வகுப்புகளாக மாற்றித் தரும் ஃப்ளெஷ்–கின்கெய்டு சூத்திரம், அமெரிக்கக் கடற்படையின் தேவைக்காக 1975இல் உருவானது. ராபர்ட் கன்னிங்கின் ஃபாக் அளவு (1952) மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அசையுள்ள சொற்களைக் ‘கடினம்’ என்று எண்ணுகிறது. ஹாரி மெக்லாக்லின் 1969இல் தந்த ஸ்மாக் அளவு, படிப்பவர் முழுமையாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற கண்டிப்பான இலக்கை வைத்து அமைக்கப்பட்டதால், பெரும்பாலும் மற்றவற்றைவிட உயர்ந்த வகுப்பையே காட்டும். உடல்நலத் தகவல்களுக்கு இந்தக் கண்டிப்பு பொருத்தமானது என்பதே என் கருத்து. ஆனால் அது 30 வாக்கியங்களை எடுத்துச் சோதிக்கும் முறை; ஒரே பத்தியை இட்டுப் பெறும் விடைக்கு மதிப்பில்லை.

சொல்லின் நீளத்துக்கு ஃப்ளெஷ் எவ்வளவு எடை தருகிறார் என்பதை ஒரு கணக்கு காட்டிவிடும். வாக்கியத்துக்கு 20 சொற்கள், சொல்லுக்கு 1.5 அசைகள் என்றால் மதிப்பெண் ஏறத்தாழ 59.6. வாக்கியங்களை உடைத்து 12 சொற்களாகக் குறைத்தால் அது 67.8 ஆகும். வாக்கியங்களைத் தொடாமல் அசைகளின் சராசரி மட்டும் 1.5இலிருந்து 1.7 ஆக ஏறினாலோ, 42.7க்குச் சரிந்துவிடும். உங்கள் கட்டுரையில் ‘டயாபிடீஸ்’ என்ற நான்கு அசைச் சொல் திரும்பத் திரும்ப வந்தால், அந்த நோயோடு வாழும் வாசகருக்கு அதைவிடப் பழகிய சொல் இல்லை என்றாலும், ஒவ்வொரு முறையும் மதிப்பெண் இறங்கும். ‘செப்சிஸ்’ (தொற்றால் உடலுறுப்புகள் பழுதாகும் ஆபத்தான நிலை) என்ற இரண்டு அசைச் சொல்லை ஃபாக் அளவு கடினச் சொல்லாகவே எண்ணாது. விளக்கம் தேவைப்படுவது அதற்குத்தான். மதிப்பெண்ணுக்காக நோயின் பெயரை மாற்றாதீர்கள். வாக்கியத்தைச் சீர்செய்யுங்கள், புதிய சொல்லை வந்த இடத்திலேயே விளக்குங்கள்.

ஒரே சூத்திரத்தைப் பயன்படுத்தும் இரண்டு கருவிகளும் முரண்படுவதுண்டு. பெரும்பாலும் குற்றம் நாம் இடும் உரையில் இருக்கும். முற்றுப்புள்ளியில்லாத தலைப்பை அடுத்த பத்தியோடு ஒட்டி ஒரே நீண்ட வாக்கியமாகச் சில கருவிகள் எண்ணும். புள்ளியிடாத பட்டியலுக்கும் அதே கதி. எண்ணின் நடுவே வரும் தசமப்புள்ளியையும் பட்டப்பெயரின் சுருக்கப்புள்ளியையும் வாக்கிய முடிவாகக் கொள்பவையும் உண்டு. இணைய முகவரியைக் கொடுத்தால் பக்கத்திலுள்ள பட்டியல், தேதி, அடிக்குறிப்பு எல்லாம் கணக்கில் சேரக்கூடும். ஆகவே தலைப்புகளையும் பட்டியல்களையும் நீக்கிய வெறும் பத்திகளை மட்டும் இட்டு, ஒரே கருவியில், திருத்துவதற்கு முன்பும் பின்பும் சோதியுங்கள். அந்த இரண்டு எண்களுக்கு இடையிலான வேறுபாடு பேசும். தனியொரு எண் அதிகம் பேசாது. ஒவ்வொரு வாக்கியத்திலும் உள்ள சொற்களைத் தலைகீழாக அடுக்கினாலும் ஃப்ளெஷ் மதிப்பெண் மாறாது என்பதையும் மனத்தில் வையுங்கள். பொருளை அது பார்ப்பதே இல்லை.

இனித் தமிழுக்கு வருவோம். ‘குழந்தை மரத்தடியில் உட்கார்ந்திருந்தது’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சொற்கள் மூன்று, உயிரொலிகளை எண்ணினால் 3, 5, 6 என 14 அசைகள். இதை ஃப்ளெஷ் சூத்திரத்தில் இட்டால் விடை கழித்தல் 191. ஃப்ளெஷ்–கின்கெய்டு சூத்திரத்தில் இட்டால் 40ஆம் வகுப்பையும் தாண்டும். சிறு பிள்ளை படிக்கும் வாக்கியத்துக்கு இந்த நிலை ஏன் என்றால், வேற்றுமை, காலம், திணை, எண் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் ஏற்றும் மொழிக்கு, ஆங்கிலச் சொற்களை வைத்துக் கண்ட மாறிலிகள் பொருந்துவதில்லை. உங்களுக்கு 100க்கு மேல் வந்தது வேறொரு கோளாறு. ஆங்கில உயிரெழுத்துகளை மட்டுமே அறிந்த கருவி, தமிழ்ச் சொல்லில் எதையும் காணாமல் சொல்லுக்கு ஓர் அசை என்று வைத்துக்கொண்டால், அதே வாக்கியத்துக்கு 119 வரும். அசையை விட்டு எழுத்தை எண்ணும் சூத்திரங்களும் உதவா: ‘குழந்தை’யில் நாம் காண்பது நான்கு எழுத்து, யூனிகோடு குறியீட்டில் இருப்பதோ ஏழு.

தமிழில் நான் நம்புவது வேறு இரண்டு சோதனைகளை. முதலாவதற்குக் கருவியே வேண்டாம். நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருவதால், எழுவாய்க்கும் அதற்கும் இடையே எச்சங்கள் பெருகும்போது, யார் என்ன செய்தார் என்பதை வாசகர் இறுதிவரை நினைவில் தாங்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. நீளமான வாக்கியங்களைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றிலும் முற்றுக்கு முன் எத்தனை எச்சங்கள் வருகின்றன என்று எண்ணுங்கள். நான்கைத் தாண்டினால் பெரும்பாலும் பிரித்துவிடுவேன். இடையில் இன்னொரு எழுவாய் புகுந்திருந்தால், எண்ணாமலே பிரிப்பேன்.

இரண்டாவது, வில்சன் டெய்லர் 1953இல் முன்வைத்த க்ளோஸ் சோதனை. முதல் வாக்கியத்தை அப்படியே விட்டு, பிறகு ஒவ்வோர் ஐந்தாவது சொல்லையும் நீக்கிக் கோடிட்டு, உங்கள் வாசகர்கள் போன்ற சிலரிடம் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் மூலச்சொல்லையே சரியாக எழுதினால்தான் மதிப்பெண். 60 விழுக்காட்டுக்கு மேல் என்றால் உதவியின்றிப் படிப்பார், 40க்குக் கீழ் என்றால் திணறுவார் என்று பொதுவாகக் கொள்வார்கள். அந்த வரம்புகளைத் தமிழுக்கு அப்படியே எடுக்காதீர்கள். ‘மருத்துவரிடம்’ என்ற இடத்தில் ‘மருத்துவரை’ என்று எழுதியவருக்குப் பொருள் புரிந்திருக்கலாம். வேர்ச்சொல் சரியாக இருந்தால் ஏற்றுக்கொண்டு, பழைய வடிவத்தை ஒரு குழுவுக்கும் திருத்திய வடிவத்தை இன்னொரு குழுவுக்கும் கொடுத்து ஒப்பிடுங்கள். ஒரே கோட்டில் பலரும் தடுக்கினால், அதற்கு முந்தைய இரண்டு வாக்கியங்களிலிருந்து திருத்தத்தைத் தொடங்குங்கள். மாத்திரையின் அளவோ வேளையோ சொல்லும் பத்தி என்றால், கோடு நிரப்புவதோடு நிறுத்தாமல், ‘இதைப் படித்த பிறகு நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்றும் அவர்களிடம் கேட்டுவிடுங்கள்.