போக்கரில் ஃப்ளஷ்ஷுக்கு ஒரு சீட்டு குறைந்தால், பணம் போட்டுத் தொடரலாமா?

கேள்வி: டெக்ஸஸ் ஹோல்டெம் போக்கரில் ஃப்ளாப்புக்கு (தரையில் விழும் முதல் மூன்று பொதுச் சீட்டுகள்) பிறகு ஃப்ளஷ்ஷுக்கு (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) ஒரு சீட்டுதான் பாக்கி. அது வர 35% வாய்ப்பு என்கிறார்கள். எதிராளி பந்தயம் கட்டினால் எப்போதும் கால் செய்யலாமா, அதாவது அதே அளவு பணம் போட்டுத் தொடரலாமா?

35% சரியான எண்தான். ஆனால் அது டர்ன் (நான்காவது பொதுச் சீட்டு), ரிவர் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) இரண்டையும் பார்க்கப்போகிறவருக்கான எண். டர்னில் மறுபடியும் பணம் போட வேண்டிவரும் என்றால் அதை நம்பி இறங்கக் கூடாது.

உங்கள் கையில் ஹார்ட்டின் ஏஸும் 7-ம். தரையில் ஹார்ட்டின் ராஜா, ஹார்ட்டின் 9, ஸ்பேடு 4. மொத்தம் 13 ஹார்ட்டினில் நான்கைப் பார்த்துவிட்டீர்கள், மீதி 9. பார்க்காத சீட்டுகள் 47. அடுத்த சீட்டு ஹார்ட்டினாக இருக்க 47-க்கு 9, அதாவது சுமார் 19%. மற்றவர்கள் மடக்கிய (விலகிக்கொண்டு கீழே போட்ட) சீட்டில் ஹார்ட்டின் போயிருக்காதா என்று பலர் கேட்பார்கள். போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். முகம் தெரியாத வரை அந்தச் சீட்டும் கட்டில் இருக்கும் சீட்டும் கணக்குக்கு ஒன்றுதான்.

இப்போது விலை. பந்தயப் பணம் சேரும் பாட்டில் (pot) 200 சிப்ஸ், எதிராளி 100 கட்டுகிறார். 100 போட்டால் மொத்தம் 400 ஆகும், ஆகவே குறைந்தது 25% வாய்ப்பு வேண்டும். அந்த 100-தான் அவருடைய கடைசி சிப்ஸ் என்றால் இரண்டு சீட்டும் உங்களுக்கு உண்டு; 35% தாராளம், கால் செய்யுங்கள். அவரிடம் இன்னும் சிப்ஸ் இருந்தால் 19% போதாது. 47 முறை ஆடினால் 38 முறை 100 போகும், 9 முறை 300 வரும்: 3800 செலவு, 2700 வரவு. துண்டு விழும் 1100-ஐ அந்த 9 முறையில்தான் எடுக்க வேண்டும். அதாவது ஃப்ளஷ் விழும் ஒவ்வொரு முறையும் அவரிடமிருந்து இன்னும் சுமார் 122 வர வேண்டும். டர்னில் அவர் கட்டாமல் விட்டு ரிவர் சும்மா கிடைத்தால் இது கொஞ்சம் குறையும்.

என்னைப் பொறுத்தவரை முடிவெடுக்கும் இடம் இந்த 122-தான். மூன்றாவது ஹார்ட்டின் விழுந்ததும் உஷாராகி மடக்குகிறவரிடம் அது தேறாது. ராஜா ஜோடியை விடவே மாட்டேன் என்று கடைசி வரை கட்டுகிறவரிடம் தாராளமாகத் தேறும். எதிரே இருப்பவரை நாள் முழுக்கக் கவனிப்பது இதற்காகத்தான்.

அந்த ஒன்பதும் சுத்தமான ஒன்பதா என்றும் பாருங்கள். எதிராளியிடம் இரண்டு 9 இருந்தால், ஹார்ட்டின் 4 விழும்போது உங்களுக்கு ஃப்ளஷ், அவருக்கு அதை ஜெயிக்கும் ஃபுல் ஹவுஸ் (மூன்று 9, இரண்டு 4). அந்தச் சீட்டைக் கழித்துவிட வேண்டியதுதான். இரண்டு சீட்டும் பார்த்தால்கூட அப்போது உங்கள் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். ஏஸ் விழுந்தால் ராஜா ஜோடியை ஜெயிக்கலாமே என்றால், அவர் கையில் ஏஸும் ராஜாவும் இல்லாத வரை சரி. மீதமுள்ள மூன்று ஏஸை நான் ஒன்றரை என்றுதான் எண்ணுவேன்.

மேஜையில் வகுத்துக்கொண்டிருக்க நேரம் இல்லை என்றால், உதவும் சீட்டுகளை ஒரு சீட்டுக்கு 2-ஆலும் இரண்டு சீட்டுக்கு 4-ஆலும் பெருக்குங்கள். ஃப்ளஷ்ஷுக்கு 18, 36 வரும், போதுமான துல்லியம். ஃப்ளஷ், ஸ்ட்ரெயிட் (வரிசையாக ஐந்து சீட்டு) இரண்டுக்கும் சேர்த்து 15 சீட்டு உதவும் நிலையில் மட்டும் இது 60 காட்டும், உண்மையில் 54%தான்.