பெட்டகத்தில் இல்லாத பத்திரம்

சொத்து, பத்திரம், பட்டா பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, காரைக்குடிப் பக்கம் முப்பது வருஷத்துக்கும் மேலாகப் பத்திரம் எழுதியவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: கானாடுகாத்தான் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீடு. அப்பச்சியை (அப்பாவை)ப் பெற்ற ஐயா பர்மாவில் கொண்டுவிற்றபோது (வட்டித்தொழில் செய்தபோது) வாங்கிய மனை என்று சொல்வார்கள். இன்று ஐந்து புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஐந்து குடும்பங்களுக்கு, சொந்தம். அப்பச்சி 2011-இல் தவறிவிட்டார்கள், நான் ஒரே மகள். பெட்டகத்தைக் குடைந்து பார்த்ததில் வீட்டுவரி ரசீதுகளும், கரையான் தின்றது போக மிஞ்சிய ஒரு தாளும்தான் கிடைத்தன. அதில் 'ரக்தாட்சி ௵ ஆவணி ௴', 'பசலி 1334' என்பது மட்டும் படிக்க முடிகிறது. 'பத்திரம் இல்லாத வீட்டில் என்ன பங்கு கேட்கிறாய்' என்கிறார் பங்காளி ஒருவர். என்ன செய்வது?

பதில்: ஆச்சி, கரையான் தின்றது உங்கள் வீட்டுப் பிரதியைத்தான். பதிவான பத்திரம் என்றால் அதை வரி விடாமல் பார்த்தெழுதிய நகல் ஒன்று ரிஜிஸ்டர் ஆபீஸில் 1-ஆம் புத்தகம் என்ற வரிசையில் இருக்கும். ஜெராக்ஸ் இல்லாத காலத்தில் குமாஸ்தாக்கள் உட்கார்ந்து முழுப் பத்திரத்தையும் கையால் எழுதி வைத்தார்கள். அந்தப் புண்ணியவான்களின் கையெழுத்தை நம்பித்தான் பாதிச் செட்டிநாடு நிற்கிறது.

முதலில் அந்தத் தாளைத் திருப்பிப் பாருங்கள். எல்லோரும் முன்பக்கத்தையே உற்றுப் பார்ப்பார்கள், வேண்டியது பின்பக்கத்தில் இருக்கும். '1 புஸ்தகம், இத்தனாவது வால்யூம், இன்ன பக்கம் முதல் இன்ன பக்கம் வரை, 1924-ஆம் வருஷத்திய இத்தனாம் நெம்பராக ரிஜிஸ்டர் செய்யப்பட்டது' என்ற பாணியில் ஒரு குறிப்பும் வட்ட முத்திரையும் இருந்தால் வேலை முடிந்த மாதிரி, அந்த நம்பரையும் வருஷத்தையும் எழுதி நகல் மனு போட வேண்டியதுதான்.

அந்தப் பகுதியும் போயிருந்தால் வருஷத்தைக் கணக்குப் போட வேண்டும். ௵ என்றால் வருஷம், ௴ என்றால் மாதம். ரக்தாட்சி 60 வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும், 1864-லும் வந்தது, 1924-லும் வந்தது, 1984-லும் வந்தது. இங்கேதான் பசலி, அதாவது நிலவரிக் கணக்கு வருஷம், கை கொடுக்கிறது. பசலியோடு 590-ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் வருஷம் வரும், அது ஜூலை 1-இல் தொடங்கி அடுத்த ஜூன் வரை ஓடும். 1334-ஓடு 590 சேர்த்தால் 1924. ஆக உங்கள் பத்திரம் 1924 ஆகஸ்ட், செப்டம்பரில் எழுதியது. ஆனால் எழுதிக் கொடுத்த நாளும் பதிவான நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதால், 1925 நடுப்பகுதி வரைக்கும் சேர்த்தே தேடச் சொல்லுங்கள்.

இணையத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை என்று அடுத்து சொல்வீர்கள். பதிவுத்துறைத் தளத்தில் பெரும்பாலான ஆபீஸ்களுக்கு 1975-லிருந்துதான் விவரம் ஏற்றியிருக்கிறார்கள், அதற்கு முந்தியதற்கு ஆபீஸில் மனு எழுதிக் கொடுத்து, கட்டணம் கட்டி, ஆள் உட்கார்ந்து அட்டவணையைப் புரட்ட வேண்டும். அட்டவணை இரண்டு வகை, ஒன்று பெயர் வரிசையில், மற்றது சொத்து வரிசையில். உங்களுக்குப் பெயர் அட்டவணைதான் வழி. ஆனால் நம் பக்கத்தில் பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைத்து வைத்து, ஊருக்கு நாற்பது ராமநாதன், நாற்பது சிதம்பரம். வெறும் பெயரை எழுதிக் கொடுத்தால் தேடுபவர் தலையில் கையை வைத்துக்கொள்வார். குடும்ப விலாசத்தை, அந்த முதலெழுத்து வரிசையை, முழுசாகக் கொடுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகையிலோ, மொய்ப்பண ஏட்டிலோ, எவர்சில்வர் வருவதற்கு முந்திய பித்தளை அண்டாவில் வெட்டிய பெயரிலோ அது கட்டாயம் இருக்கும். அண்டாவைப் பார்த்து விலாசம் எழுதிக்கொண்டு போய் நானே இரண்டு பத்திரம் கண்டுபிடித்திருக்கிறேன்.

இன்னொன்று, ஊர் அன்று எந்த ஆபீஸின் எல்லையில் இருந்தது என்று விசாரியுங்கள். ஒருமுறை ஒரு வீட்டுக்காக ஒன்றரை நாள் வால்யூம் புரட்டி, இல்லவே இல்லை என்று முடிவு கட்டி, டீ குடிக்கும்போது ஒரு பெரியவர் 'அந்த ஊர் அப்போ இந்த ஆபீசே இல்லையே' என்றார். பக்கத்து ஆபீஸில் அரை மணி நேரத்தில் கிடைத்தது. மை காகிதத்தைத் தின்று எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை, ஆனாலும் நான்கெல்லை மட்டும் தெளிவு: கிழக்கே வீதி, மேற்கே ஊருணிக்குப் போகிற பாதை, கடைசியில் 'கிணற்றில் நாலில் ஒரு பங்கு பாத்தியமும்'. அந்தக் கிணற்றுப் பாத்தியம் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. உங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கமாக இருந்தால் கூடுதலாக ஒரு சங்கதி உண்டு. 1948 வரை அது தனிச் சமஸ்தானம், அந்தக் காலத்து ஆவணத்தைப் புதுக்கோட்டையில் கேட்க வேண்டும், ராமநாதபுரம் ஜில்லாப் புத்தகத்தில் தேடிப் பயனில்லை.

1-ஆம் புத்தகத்தில் பதிவானதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் சான்றிட்ட நகல் வாங்கலாம், 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. பங்காளியின் சம்மதமும் வேண்டாம், அவருக்குச் சொல்லவும் வேண்டாம். அசலில் என்ன எழுதியிருந்தது என்பதற்கு அந்த நகல் கோர்ட்டில் செல்லும்.

பங்கு விஷயம். அப்பச்சி உயில் எழுதாமல் தவறியிருந்தால் அவர்கள் பங்கு வாரிசுகளுக்கு வரும், மகள் முதல் வரிசை வாரிசு. பூர்வீகச் சொத்தில் 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளுக்கும் மகனுக்கும் ஒரே உரிமை, 2020-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. 'சீர் செய்து அனுப்பியாச்சே' என்பார்கள். சீர் வேறு, பங்கு வேறு. வாரிசுச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள்.

கேள்வி: ஐயா, எங்கள் பொது வீட்டில் தன் பங்கை மட்டும் ஒரு பங்காளி வெளியாள் ஒருவருக்குக் கிரயம் பேசுகிறார். வாங்குபவர் வந்து வளவு (உள்முற்றம்) தூணைப் பெயர்த்துக்கொண்டு போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது. (பள்ளத்தூர்)

பதில்: பயத்தில் நியாயம் இருக்கிறது. பர்மாத் தேக்குத் தூணும் நிலைக்கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எந்த வீட்டு முகப்போ என்றுதான் எனக்குத் தோன்றும்.

பிரிபடாத பங்கை விற்க அவருக்கு உரிமை உண்டு, தடுக்க முடியாது. ஆனால் வாங்குபவர் நேரே வந்து உங்கள் ரெட்டை வீட்டுக்கு, அதாவது உங்கள் புள்ளிக்கு ஒதுக்கிய அறைகளுக்கு, பக்கத்தில் பாயை விரிக்க முடியாது. 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் 44-ஆம் பிரிவுப்படி, பிரிவினையாகாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் பங்கு வாங்கிய வெளியாருக்குக் கூட்டாகக் குடியிருக்கும் உரிமை கிடையாது. அவர் பாகப்பிரிவினை வழக்குத்தான் போட வேண்டும். அப்படிப் போட்டால், 1893-ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைச் சட்டத்தில் 4-ஆம் பிரிவு, கோர்ட் நிர்ணயிக்கும் விலைக்கு அந்தப் பங்கை நீங்களே எடுத்துக்கொள்ள வழி வைத்திருக்கிறது. தூணைத் தொட்டால் உடனே தடை உத்தரவு கேளுங்கள். அதற்கு முன்னால், முகப்பு, பட்டாலை, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு எல்லாவற்றையும் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள், தூண் எத்தனை என்று எண்ணியும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து எண்ணினால் எண்ணிக்கை குறைந்திருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: 1978-இல் பெரியவர்கள் எழுதிய பாகக் கூர்சீட்டு (பங்கு பிரித்த சீட்டு) இருக்கிறது, பதியவில்லை. செல்லுமா? (தேவகோட்டை)

பதில்: அதில் என்ன வினைச்சொல் போட்டிருக்கிறது என்று பாருங்கள், கேலி இல்லை. 'நாங்கள் முன்பே வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு அனுபவித்து வருகிறோம், ஞாபகத்துக்காக எழுதி வைக்கிறோம்' என்று இருந்தால் அது வெறும் குறிப்பு, பதிய வேண்டியதில்லை. 'இன்று முதல் இது உனக்கு, இது எனக்கு' என்று அந்தச் சீட்டே பிரித்துக் கொடுத்தால் பதிந்திருக்க வேண்டும், பதியாததை உரிமைக்குச் சான்றாகக் காட்ட முடியாது. எப்படியானாலும், கையெழுத்துப் போட்டவர்களின் வாரிசுகள் இன்று ஒத்துப்போகிறார்கள் என்றால் தாமதிக்காமல் புதிதாக ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிந்துவிடுங்கள். 2023 ஜூலையிலிருந்து குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், ஒரு பாகத்துக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். இதில் ஒரு சிக்கல், நாம் பங்காளி என்று சொல்கிற எல்லோரும் சட்டத்தின் கண்ணில் 'குடும்பம்' இல்லை. அப்பா, அம்மா, பிள்ளைகள், உடன்பிறந்தார் வரைக்கும் சந்தேகமில்லை. சித்தப்பா மக்கள் என்றால் முத்திரைத்தாள் வாங்கும் முன்னால் ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகன் டெக்சாஸில் வீடு வாங்கியிருக்கிறான். 'உங்கள் பத்திரத்தின் நகலை உடனே பெற நூறு டாலர் அனுப்புக' என்று அரசாங்கக் கடிதம் போலவே ஒன்று வந்திருக்கிறது. அங்கே ரிஜிஸ்டர் ஆபீஸ் எது? பணம் கட்டலாமா? (காரைக்குடி)

பதில்: கட்ட வேண்டாம். புதிதாக வீடு வாங்கியவர்களின் விவரத்தைப் பொதுப் பதிவேட்டிலிருந்தே எடுத்து இப்படிக் கடிதம் அனுப்பும் தனியார் கும்பல்கள் அங்கே நிறைய. பொடி எழுத்தில் 'இது அரசு அலுவலகம் அல்ல' என்று எங்காவது ஒரு மூலையில் இருக்கும், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அங்கே பத்திரப் பதிவு கவுண்ட்டி என்ற அளவில் நடக்கிறது, நம் தாலுகா, ஜில்லா மாதிரி ஒரு பிரிவு. டெக்சாஸில் கவுண்ட்டி கிளார்க் ஆபீஸ், வேறு மாநிலங்களில் ரெக்கார்டர் என்றோ ரிஜிஸ்டர் ஆஃப் டீட்ஸ் என்றோ பெயர். விற்றவர் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்ட பத்திரத்தை, சொத்துரிமையைச் சரிபார்த்துக் கிரயத்தை நடத்திக்கொடுத்த டைட்டில் கம்பெனியே வழக்கமாக அங்கே கொண்டுபோய்ப் பதிந்துவிடும். வாங்குபவர் போய் நின்று கைரேகை வைக்கும் பழக்கமெல்லாம் இல்லை. பதிந்தபின் அசல் தபாலில் திரும்பி வரும், வருவதற்குச் சில வாரம் ஆகலாம். நகல் வேண்டுமென்றால் மகன் கவுண்ட்டி கிளார்க்கின் சொந்தத் தளத்துக்குப் போய், விற்றவர் பெயரையோ வாங்கியவர் பெயரையோ போட்டுத் தேடட்டும், நம் பெயர் அட்டவணை மாதிரியேதான். பக்கத்துக்கு இவ்வளவு என்று சில டாலரில் நகல் கிடைக்கும். குடியிருக்கும் வீட்டுக்கு வரிச்சலுகை எழுதித் தருகிறோம், பணம் கொடுங்கள் என்று அடுத்த கடிதமும் வரும். அந்த விண்ணப்பமும் அங்கே இலவசம்.

கேள்வி: கிரயப் பத்திரத்தில் கையெழுத்தெல்லாம் ஆகிவிட்டது. ஆடிக்கு அப்புறம் பதியலாம் என்று வைத்து, அது தள்ளித் தள்ளி இன்றைக்கு மூன்றரை மாதம். (திருப்பத்தூர்)

பதில்: எழுதிக் கொடுத்த தேதியிலிருந்து 4 மாதம்தான் கணக்கு. தாண்டினால், தக்க காரணம் சொல்லி இன்னும் 4 மாதம் வரை மாவட்டப் பதிவாளரிடம் கேட்கலாம், பதிவுக் கட்டணத்தைப் போல் 10 மடங்கு வரை அபராதம் போட அவருக்கு அதிகாரம் உண்டு. அதையும் தாண்டினால் அந்தப் பத்திரம் அவ்வளவுதான், விற்றவரைத் தேடிப் பிடித்துப் புதிதாகத்தான் எழுத வேண்டும். அவர் அதற்குள் விலையை ஏற்றியிருப்பார். உங்களுக்கு மிச்சம் இரண்டு வாரம். ஆடி கழிந்தால் என்ன, புரட்டாசி வந்தால் என்ன, முதலில் டோக்கன் போடுங்கள்.